சோதோமின் பாவம் எது?

ஆசிரியருக்கு,

ஒருபாலின இணையருக்கு வழிபாட்டுச் சடங்குக்கு வெளியே ஆசி வழங்கலாம் என்று வத்திக்கான் 2023 டிசம்பர் 18 அன்று வெளியிட்ட அறிவிப்பு பற்றிய தங்கள் கட்டுரையையும், ஒருபாலின உறவுக்காகவே கடவுள் சோதோம் நகரை அழித்தார் என்று அதற்கு எதிராக விவிலியக் கதையை இழுத்துவந்த வாசகர் கடிதத்தையும் படித்தேன். விவிலியத்தின் முதல் நூலான தொடக்கநூலின் 19ஆம் அதிகாரம் காட்டுவது, அடைக்கலம் புகுந்த விருந்தினர்மீது ஊரே திரண்டு நிகழ்த்த முயன்ற வன்முறையை. இருவரின் அன்பை அன்று. இறைவாக்கினர் எசேக்கியேலின் நூல் (16:49) அவ்வூரின் குற்றத்தை வெளிப்படையாகவே சொல்கிறது: செருக்கு, உணவு மிகுதி, ஏழைக்குக் கைகொடாமை. அடுத்த வசனத்தில் ‘அருவருப்பு’ என வருவது உண்மைதான். எது என்று இறைவாக்கினர் விளக்கவில்லை.

பதினொரு ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பில் நானும் அக்கடிதம் சொன்ன பழைய பாடத்தையே ஒப்பித்தவன். மாணவி ஒருத்தி எசேக்கியேலின் அந்த 49ஆம் வசனத்தின்மேல் விரல் வைத்துக் காட்டியபோது என்னிடம் பதிலில்லை. பாடநூலில் இவ்விரு பகுதிகளையும் அடுத்தடுத்து அச்சிடலாமே.

– ஒரு வாசகர், தூத்துக்குடி