நூல் பிடித்து அளந்த தூரம்

அன்பு மகளுக்கு,

ஜூலையில் சின்னவளோடு வருகிறாய் என்று தெரிந்ததும் அலுமாரிக்கு மேல் கிடந்த உலக உருண்டையை இறக்கித் தூசு தட்டினேன். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து ரொறன்ரோவுக்கு நூலை இறுக்கிப் பிடித்தால் அது மேற்கே போகவில்லை. இந்தியாவுக்கு மேலால் வடக்கே ஏறி, கசகஸ்தான், ரஷ்யா, பின்லாந்து என்று போய், கிறீன்லாந்தைக் கடந்து இறங்குகிறது. அதுதான் மிகக் குறுகிய வழி, ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர்.

"டுபாய் போய்ச் சுற்றித்தானே வருகுதுகள்" என்று அம்மா கவலைப்பட்டாள். அதையும் அளந்தேன். கொழும்பிலிருந்து டுபாய் 3,300, அங்கிருந்து ரொறன்ரோ 11,000 சொச்சம். கூட்டிப் பார்த்தால் சுற்று 400 கிலோமீற்றர்கூட இல்லை. அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதல். எனக்குப் பிடித்தது வேறொன்று. டுபாயிலிருந்து நீங்கள் கனடா போக 14 மணி நேரம் அளவில் எடுக்கும். திரும்பி வர அதைவிட ஒரு மணி நேரமாவது குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாக வீசும் காற்று விமானத்தைப் பின்னால் நின்று தள்ளுகிறது. வீட்டுக்கு வரும் பக்கம் காற்று தள்ளுகிறது என்று நினைக்க மனதுக்கு எவ்வளவு நிறைவாக இருக்கிறது தெரியுமா?

சரி, ரிக்கெட் விஷயம். போன முறை விமானம் மாற இடையில் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. முதல் விமானம் பிந்தியதால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய். இந்த முறை மூன்று, நான்கு மணி நேரம் இருக்கிற மாதிரிப் பார். மலிவு என்று குறைந்த நேரத்தை எடுக்காதே. பிள்ளை கொஞ்சம் நடந்து, சாப்பிட்டு, முகம் கழுவட்டும்.

அப்புறம் எங்கள் பக்கத்துத் தூரம். கட்டுநாயக்காவில் இறங்கினாலும் எங்கள் திருகோணமலைக்கு இன்னும் 250 கிலோமீற்றர் இருக்கும். விமானம் இருபது நிமிடத்துக்குள் கடக்கிற தூரத்துக்கு வான் வண்டியில் ஐந்து, ஆறு மணி நேரம். எங்கள் பக்கத்துச் சீனக்குடாவில் ஓடுபாதை இருந்தும் உங்கள் விமானம் அங்கே இறங்குவதில்லையே என்று அம்மாவுக்கு மனக்குறை. இரவில் இறங்கினால் உடனே புறப்பட வேண்டாம். ஹபரணை, கந்தளாய்ப் பக்கம் இருட்டில் யானை றோட்டைக் கடக்கும். நீர்கொழும்பில் தங்கி, விடிந்த பிறகு குருநாகல், தம்புள்ளை வழியாக வருவோம். நான் முதல் நாளே வந்து வாசலில் நிற்பேன்.

ஒன்பதரை மணி நேர வித்தியாசம். சின்னவள் நடுச்சாமத்தில் எழும்பிப் பசிக்கிறது என்பாள். அம்மா இப்போதே அரிசிமா வறுத்து வைக்கப் போகிறாள். விழித்திருந்தால் விடியலில் உப்புவெளிக் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன், அந்த மாதம் கடல் அமைதியாக இருக்கும்.

ரிக்கெட் எடுக்க முதல் நேரங்களை எனக்கு அனுப்பு. வான்காரத் தம்பிக்கு நாள் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா