கியூபா இசையில் பியானோவும் தாளக்கருவிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழில் வந்த கியூபா இசை பற்றிய கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் கொங்கா, போங்கோ என்று தோல் கருவிகளையே சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, குவாஹேயோ பற்றி ஒரு வரிகூட இல்லாமல் முடிந்ததை என்னால் சும்மா விட முடியவில்லை. கேட்டதும் கால் தானாக ஆடுவதற்குப் பாதிக் காரணம் அதுதானே!

ஒன்றாக ஒலிக்க வேண்டிய ஸ்வரங்களைப் பிரித்து, தட்டின் மேல் நேராக விழாமல் தட்டுகளுக்கு நடுவே விழும்படி கோத்த சின்ன மெட்டு அது. விடாமல் அதையே வாசிப்பார்கள். கியூபாவின் கிழக்கே, குவாந்தானமோ பக்கத்து சாங்குவி என்ற நாட்டுப்புற இசையிலும் அப்புறம் சோன் என்ற ஆட்ட இசையிலும், மூன்று ஜோடித் தந்தி கொண்ட த்ரேஸ் என்ற கிட்டாரில் இது ஒலித்தது. 1940 வாக்கில் பார்வையற்ற த்ரேஸ் கலைஞர் ஆர்செனியோ ரோட்ரிகேஸ் தன் குழுவில் பியானோ, கொங்கா, கூடுதல் டிரம்பெட் எல்லாம் சேர்த்தபோது பியானோவுக்கும் இந்த வேலை வந்தது. புல்லாங்குழலும் வயலினும் முக்கியமாக இருக்கிற சரங்கா குழுக்களில் வயலின்காரர்கள் செய்வதும் இதேதான்.

மெலடி வேறு, ரிதம் வேறு என்று கட்டுரையாளர் பிரித்தது எனக்கு ஒப்பவில்லை. ஒரு சோன் பாட்டின் பின்பாதியை, பாடகரும் கோரஸும் மாறி மாறிப் பாடுகிற இடத்தை, எடுத்துக் கேளுங்கள். பியானோவில் இரண்டு கையும் பெரும்பாலும் ஒரே மெட்டைத்தான் வேறு வேறு ஸ்தாயியில் வாசிக்கும், கீழே பாஸ் முதல் தட்டை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த நாலு தட்டுக்கு உரிய ஸ்வரத்தை முந்தைய நாலாவது தட்டிலேயே எடுத்துவிடும். இத்தனைக்கும் இரண்டுமே கிளாவே என்ற அடிப்படைத் தாளத்தின் ஐந்து அடிக்குக் கட்டுப்பட்டவை: ஒரு பாதியில் மூன்று, மறுபாதியில் இரண்டு. இந்தப் பாதிகளை மாற்றி வாசித்தால் ஸ்வரம் சுத்தமாக இருந்தாலும் ஆடுகிறவருக்கு உறுத்தும். இதைத் தாளம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்று. 1930களில் கியூபா இசைத்தட்டுகள் ஆப்பிரிக்காவின் கொங்கோவுக்குப் போய், அங்குள்ள கலைஞர்கள் குவாஹேயோவைப் பிறகு எலெக்ட்ரிக் கிட்டாரில் ஏற்றித் ரும்பா என்ற தங்கள் ஆட்ட இசையை வளர்த்த கதை தனிக் கட்டுரைக்கே தாங்கும். அதைக் கட்டுரையாளரையே எழுதச் சொல்லுங்கள். பக்கம் போதாவிட்டால், இந்த முறை கொங்கா படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்