அந்தப் பன்னிரண்டு அம்புகள்

அம்மு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் கண் வலித்ததுதான் மிச்சம். பழைய வில்லோடு சும்மா வந்த பன்னிரண்டு அம்பு, தண்டு அரக்கு நிறம், இறகு பாதி உதிர்ந்து கிடக்கிறது, அலுமினியமா ஃபைபர்கிளாஸா (கண்ணாடி இழையா) என்று கேட்கிறாய். பெயின்ட் அடித்துவிட்டால் படத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும், கையில் எடுத்துப் பார்த்தால்தான் உண்டு.

முதலில் தண்டை நகத்தால் தட்டு. அலுமினியக் குழாய் மணி மாதிரி கணீரென்று பேசும், ஃபைபர்கிளாஸ் டொக்கென்று அடங்கிவிடும். பிறகு மேசைமேல் உருட்டிப் பார், தள்ளாடி உருண்டால் எங்கோ வளைந்திருக்கிறது, அது பெரும்பாலும் அலுமினியம்தான், ஃபைபர்கிளாஸ் ஒன்று நேராக நிற்கும் இல்லையென்றால் உடையும். அலுமினியத்தில் 2016 மாதிரி நான்கு இலக்கம் அச்சிட்டிருப்பார்கள். அதை ஆண்டு என்று நினைத்துவிடாதே! குறுக்களவு அங்குலத்தில் 64-இல் 20 பங்கு, சுவரின் தடிமன் 1000-இல் 16 பங்கு, அவ்வளவுதான். கார்பனோ என்று சந்தேகம் வந்தால் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் மல்டிமீட்டரை வை. கார்பனில் மின்சாரம் பாயும், கண்ணாடி இழையில் பாயாது.

அப்புறம் இரண்டு நுனியையும் பார். பழைய ஃபைபர்கிளாஸ் தண்டு பெரும்பாலும் உள்ளே வெற்றுக் குழாய். அதன் வாயில் கூம்பு போலச் சீவிய அலுமினியத் துண்டை ஒட்டி, அதன்மேல் முனையையும் நாணில் மாட்டும் நாக்கையும் (வாயில் இருக்கிற நாக்கு இல்லை) பொருத்தியிருப்பார்கள். மர அம்பில் மரத்தையே சீவிவிடுவார்கள். துண்டு எதுவும் இல்லாமல் தண்டே கெட்டியாக, தூக்கினால் கனமாக, பின்பக்கம் கயிறு கோக்க ஒரு துளையோடு இருந்தால் அது மீன் பிடிக்கிற அம்பு, அதை இலக்குப் பலகைக்கு எடுக்காதே.

இறகுக்குப் பக்கத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்து தெரியலாம். மைக்ரோஃபிளைட் (அது ஒரு பழைய ஃபைபர்கிளாஸ் அம்பின் பெயர்) என்றும் கூடவே ஒரு எண்ணும் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம். அதில் எண் ஏற ஏறத் தண்டு விறைப்பு. ஆனால் எண்ணை மட்டும் நம்பி உன் வில்லோடு சேர்த்துவிடாதே, நீயே அளந்துவிடு. 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிமேல் தண்டை வை, நடுவில் 2 பவுண்டு, அதாவது 907 கிராம் தொங்கவிடு, எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதால் 26-ஐ வகு. அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, 0.52 தொய்ந்தால், நாணை இழுக்க 50 பவுண்டு விசை வேண்டிய வில்லுக்கு ஏற்ற தண்டு.

இதையெல்லாம் நிதானமாகச் செய். ஆனால் எய்வதற்கு முன் ஒன்றைச் செய்யாமல் விட்டால் எனக்குக் கோபம் வரும். கையுறை போட்டுக்கொண்டு, அம்பை முகத்துக்குத் தள்ளி, இரு நுனியையும் பிடித்து மெல்ல வளை, கொஞ்சம் திருப்பி மறுபடி வளை, காதைத் தீட்டிக் கேள். நறுக்கென்று சின்னச் சத்தம் வந்தாலோ, தண்டு நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தாலோ அந்த அம்பை இரண்டாக ஒடித்துப் போடு, வேறு யாரும் எடுத்து எய்துவிடக் கூடாது. நான் ஒருமுறை "ஒரே ஒரு அம்புதானே" என்று வளைத்துப் பார்க்காமல் எய்தேன். விட்ட கணத்தில் தண்டு பிளந்து, வில் பிடித்த இடது கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சிராய் சிராயாக ஏறிவிட்டது. கண்ணாடி இழை என்பதால் கண்ணுக்கே தெரியாது, தொட்டால் சுருக்கென்று குத்தும். உன் அம்மா பூதக்கண்ணாடியும் இடுக்கியுமாக இரண்டு நாள் உட்கார்ந்து எடுத்தாள், திட்டிக்கொண்டேதான்.

முனையைக் கழற்ற வேண்டுமென்றால் உலோகத்தை மட்டும் கொஞ்சமாகச் சூடாக்கு, தண்டில் தீ பட்டால் பிசின் கெட்டுவிடும்.

பன்னிரண்டில் எத்தனை தேறியது என்று எழுது. ஒடித்ததில் ஒரு துண்டை எனக்கு எடுத்து வை, உள்ளே எப்படி இருக்கிறதென்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அப்பா