செந்திலுக்கு, ப்ளூமிங்டனிலிருந்து

அன்புள்ள செந்தில்,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்ததற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

நம் இந்தியானா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியின் பழைய பயிற்சியாளர் பாப் நைட் போய்விட்டார்டா. 2023 நவம்பர் 1ஆம் தேதி, இதே ஊரில், தன் வீட்டிலேயே. 83 வயது. 2000 செப்டம்பரில் அவரை வேலையை விட்டு நீக்கிய இரவு, ஊர்வலத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி வந்து நின்றவன் நீ. அதனால் உனக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

இங்கே எல்லோரும் கணக்குப் பார்க்கிறார்கள். வரவில் 902 வெற்றி, மூன்று தேசியப் பட்டம், 1976இல் 32 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காத அணி. செலவில் 1985இல் பர்டூ பல்கலைக்கழகத்துடன் ஆடிய ஆட்டத்தில் கோபத்தில் வீசிய சிவப்பு நாற்காலி. நாற்காலியை விடு, அது யார்மேலும் படவில்லை. எனக்கு அவர் அணியில் ஆடிய நீல் ரீட் நினைவுதான் வருகிறது. 1997இல் பயிற்சியின்போது கழுத்தைப் பிடித்தார் என்று அந்தப் பையன் சொன்னான். ஊரே அவனைப் பொய்யன் என்றது. அப்புறம் வீடியோ வெளியே வந்தது. அதற்கு முன்பே வேறு கல்லூரிக்குப் போயிருந்த அவன், பிறகு கலிஃபோர்னியாவில் பள்ளி ஆசிரியராகவும் பயிற்சியாளராகவும் இருந்து, 36 வயதில் மாரடைப்பில் இறந்தான்.

இதே மனிதர்தான் தன் அணி வீரன் லாண்டன் டர்னருக்காக ஓடினார். 1981இல் பட்டம் வென்ற சில மாதங்களில் கார் விபத்தில் அவன் நடக்க முடியாமல் போனபோது, சிகிச்சைக்குப் பணம் திரட்டியவர் இவர். இரண்டும் உண்மை. ஆனால் டர்னருக்குச் செய்தது ரீடுக்குச் செய்ததைக் கழிக்காது.

நீ எழுதியிருந்தாயே, ‘கொஞ்சம் பயம் இருந்தால்தான் பையன்கள் ஓடுவார்கள், நைட் அப்படித்தான் ஜெயித்தார்’ என்று. அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. அவர் ஜெயித்தது மேன்-டு-மேன் டிஃபென்ஸாலும் (ஆளுக்கு ஓர் எதிராளியைக் காப்பது) மோஷன் அஃபென்ஸாலும் (ஓயாமல் நகர்ந்துகொண்டே தாக்குவது). யோசித்துப் பார். மோஷனில் எழுதிவைத்த நகர்வு குறைவு. எதிராளி நிற்கும் விதத்தைப் பார்த்து, ஐந்து பேரும் ஓடுகிற ஓட்டத்தில் தாங்களே முடிவெடுக்க வேண்டும். 1987 இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் கீத் ஸ்மார்ட் அப்படித்தான் இடம் பார்த்துப் பந்தைப் போட்டான். சிராக்யூஸை 74-73 என்று ஜெயித்தோம். பயந்து நடுங்குகிறவனால் அது முடியுமா? பையன்களின் மூளையை அத்தனை நம்பிய ஒருவர், அதே பையன்களை அவ்வளவு கேவலமாகப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நைட்டிடம் ஆடி, பின்னாளில் டியூக் பல்கலைக்கழகப் பயிற்சியாளரான ஷஷெவ்ஸ்கி 2011இல் அந்த 902ஐத் தாண்டினார். அவரும் திட்டாதவர் இல்லைதான். ஆனால் யார் கழுத்தையும் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சனிக்கிழமைப் பயிற்சியில் அந்த உயரமான பையனைத் திட்டி அழவைத்தேன் என்று பெருமையாக எழுதியிருந்தாய். அவன் திரும்ப வந்தானா? வரவில்லை என்றால் நீயே வீட்டுக்குப் போய்க் கூட்டி வா. என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

அன்புடன்,
ரவி