வாசித்தவர்களின் பெயர்களையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மின்னணு இசைக் கட்டுரையில், ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸ் என்ற பெயரில் இயங்கும் சாம் ஷெப்பர்டின் முதல் ஆல்பமான ‘எலேனியா’வுக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் இரண்டின் சாயலும் கொண்டது என்று பாராட்டிவிட்டு, தனி ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து கணினியில் உருவாக்கியது என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். பாராட்டில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தக் கடைசி வரி தவறு. அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

நான் வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியமான வயோலா வாசிப்பவள். ஒலிப்பதிவுக் கூடங்களில் தந்தி வாத்தியக் குழுவோடு உட்கார்ந்து நெடுங்காலம் வாசித்திருக்கிறேன். அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றின் உறையில் எங்கள் யாருடைய பெயரும் இருக்காது. அதனால் ஓர் ஆல்பம் கையில் கிடைத்தால் முதலில் வாசித்தவர்களின் பட்டியலைத் தேடுவது எனக்குப் பழகிப்போனது. எலேனியாவில் பட்டியல் இருக்கிறது. வயலின் சியான் வூ, எட்வர்ட் பென்டன். வயோலா மேத்யூ கெட்டில். செல்லோ ஜோ ஸைட்லின். டிரம்ஸுக்கு இருவர்: டாம் ஸ்கின்னர், லியோ டெய்லர். பேஸ் சுசுமு முகாய், கிட்டார் அலெக்ஸ் ரீவ். பாடிய குரல்களும் உண்டு. இத்தனை பேர் வாசித்த ஆல்பத்தைத் தனி ஒருவரின் கணினி வேலை என்று எழுதினால், படிப்பவர் எதைக் கேட்கப் போகிறார்?

ஷெப்பர்டின் பங்கைக் குறைத்துப் பேசவில்லை. மான்செஸ்டரின் சீத்தம்ஸ் இசைப்பள்ளியில் பயின்றவர் அவர். லண்டனில் நரம்பியல் ஆய்வுப் பட்டத்துக்கு உழைத்த காலத்திலும் இசையை விடாமல், சுமார் ஐந்து ஆண்டுகள் இந்த ஆல்பத்தைச் செதுக்கி 2015 நவம்பரில் வெளியிட்டார். பூக்லா என்ற மின்னணு சிந்தசைசரும் ரோட்ஸ் மின்பியானோவும் அவர் கைப்பட ஒலிப்பவை. அட்டைப்படத்துக்குக்கூட ஊசலால் கோலம் வரையும் ஹார்மோனோகிராஃப் என்ற கருவியைத் தாமே செய்து, ஒளியிழைகளின் வெளிச்சத்தைப் புகைப்படத் தாளில் விழவைத்து எடுத்தார். அப்படிப்பட்டவர்தான் மற்றவர்களின் கைகளும் வேண்டும் என்று கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறார்.

‘சிலூயட்ஸ்’ என்ற இரண்டாவது பகுதியைக் கேட்டுப் பாருங்கள். ஏறத்தாழ பதினொரு நிமிடம். டிரம்ஸை மட்டும் காதில் பிடித்துக்கொண்டு போனால், ஒரே தாளம் சுற்றிச் சுற்றி வருவதுபோல் இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் குச்சியின் எடை மாறுவது தெரியும். சிறு முரசின் மேல் தொட்டும் தொடாமலும் விழுகிற அடிகள் ஜாஸ் டிரம்மரின் மணிக்கட்டிலிருந்து வருபவை. சொல் இல்லாத குரல்களும் தந்திகளும் அதன்மேல் எழும்பும்போது, வயலினுக்கும் செல்லோவுக்கும் நடுவில் ஒரு கதகதப்பு இருக்கிறதே, அதுதான் வயோலா. எங்கள் தந்திகள் வயலினைவிட ஒரு பஞ்சமம் கீழே சுருதி சேர்க்கப்படுபவை. மெட்டு வயலினிடம், அடித்தளம் செல்லோவிடம், இரண்டையும் இணைக்கும் உள்சுரங்கள் எங்களிடம். கேட்பவர் காதில் அது தனியாகப் படாது. எடுத்துவிட்டால் மொத்த ஒலியும் மெலிந்துபோகும்.

நம் வாசகர்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. கச்சேரி அழைப்பிதழில் பாடகர் பெயருக்குக் கீழே வயலின், மிருதங்கம், கடம் என்று வரிசையாகப் பெயர் போடுகிறோம். மார்கழி சீசனில் உங்கள் நாளிதழின் விமர்சனங்களே தனி ஆவர்த்தனத்துக்கு இரண்டு வரியாவது தந்து, மிருதங்கக் கலைஞரைப் பெயர் சொல்லிப் பாராட்டுகின்றன. வயலின்காரர் ஆலாபனையைப் பின்தொடர்ந்த அழகைப் பேசாமல் விட்டால் வாசகர்கள் கடிதம் எழுதிவிடுவார்கள். ஜாஸிலும் இதே மரியாதை உண்டு. 1959இல் மைல்ஸ் டேவிஸ் பதிவுசெய்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் டிரம்ஸ் வாசித்தவர் ஜிம்மி காப் என்று ஜாஸ் ரசிகர் யாரைக் கேட்டாலும் சொல்வார். சிம்ஃபொனி நிகழ்ச்சிக் கையேட்டிலும் கடைசி வரிசை வயோலாக்காரர் வரை பெயர் இருப்பது வழக்கம். ஜாஸ், மேற்கத்திய செவ்வியல் என்ற அந்த இரண்டு மரபுகளின் சுரங்களை எடுத்துக்கொண்ட ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது, அந்த மரபுகளின் மரியாதையையும் சேர்த்து எடுத்துக்கொள்வதுதானே முறை?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனோடு வாசித்த சாக்ஸஃபோன் மேதை ஃபாரோ சாண்டர்ஸ், எலேனியாவைக் கேட்டுவிட்டு ஷெப்பர்டோடு சேர்ந்து வாசிக்க விரும்பினார். லண்டன் சிம்ஃபொனி ஆர்கெஸ்ட்ராவின் தந்திக் கலைஞர்களும் சேர்ந்த இவர்களின் ‘ப்ராமிசஸ்’ ஆல்பம் 2021இல் வெளிவந்தபோது சாண்டர்ஸுக்கு வயது 80. அடுத்த ஆண்டு மறைந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் மூச்சுக்காற்றால் இசைத்த ஒருவரை இழுத்துவந்தது வெறும் பொத்தான் வேலையாக இருந்திருக்க முடியாது. கட்டுரையாளர் இந்தத் தொடர்ச்சியைத் தொட்டிருந்தால், மின்னணு இசை என்றதும் ஒதுங்கிப்போகும் மூத்த ரசிகர்களும் ஒருமுறை கேட்டுப் பார்த்திருப்பார்கள்.

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். மேலே எழுதிய பெயர்களை அப்படியே போட்டால் போதும். இனி எந்த ஆல்பத்தைப் பற்றி எழுதினாலும், மின்னணு இசையோ திரையிசையோ, யார் எதை வாசித்தார்கள் என்று பத்தியின் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடம் போதாவிட்டால் அட்டைப்படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வயோலா வாசிக்கும் தங்கள் வாசகி