செல்ஃப் ஸ்டார்ட் கேட்ட மகளுக்கு

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்புள்ள ஆத்தாவுக்கு அப்பச்சி எழுதுவது.

நீ ஓட்டுவதற்காகச் சரிபண்ணின உன் ஐயாவின் (என் தகப்பனாரின்) புல்லட் பைக் இப்போது நிற்காமல் ஓடுகிறது. செல்ஃப் ஸ்டார்ட்டும் ஒற்றை சீட்டும் கேட்டிருந்தாயே, அதற்குக் கீழே பதில் சொல்கிறேன். நேற்றுக் காலை திருமயம் வரை போய்த் திரும்பினேன்.

உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஆவணியிலேயே ஒரு தடவை கிளப்பினேன். 11 வருஷமாக இந்த வீட்டில் கேட்காத சத்தம். உன் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, தூணைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் நின்றாள். அந்தச் சந்தோஷத்தில் அப்போதே ரோட்டுக்கு எடுத்துப் போனேன். எட்டாவது கிலோமீட்டரில் பிஸ்டன் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் பூட்டிவிட்டது. சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. தப்பு என்னுடையதுதான். சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி (போர் பண்ணி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால், பிஸ்டனைச் சுற்றி வரும் ரிங்கை முதலில் வெறும் சிலிண்டருக்குள் விட்டு, அதன் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்க்க வேண்டும். சூட்டில் ரிங் விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் வாய் முட்டிக்கொண்டு சிலிண்டரைக் கீறும். நான் பார்க்காமல் மாட்டிவிட்டேன். மறுபடி போர், மறுபடி பிஸ்டன். நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை.

ரெண்டாம் தடவை ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்துத்தான் மூடினேன். டைமிங் கவருக்குள் கிராங்குக்கு ஆயில் போகிற வழியில் சுண்டைக்காய் அளவில் ஒரு கார்க் சீல் இருக்கிறது. பழையது காய்ந்து சுருங்கி, நகத்தால் அழுத்தினால் உதிர்ந்தது. அது சுருங்கினால் ஆயில் பக்கத்தில் வழிந்துபோகும், கனெக்டிங் ராடுக்குப் போய்ச் சேராது. அந்த ராடின் அடிமுனையான பிக் எண்ட் கடகடவென்று அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விலையைச் சொன்னால் நம்பமாட்டாய், ஒரு காபிக் காசுகூட இல்லை. புதுசை ஒரு ராத்திரி ஆயிலில் ஊறவைத்துப் போட்டேன்.

இனி நீ கேட்டவை. செல்ஃப் ஸ்டார்ட் போடவில்லை, ஆத்தா. 1974இல் வாங்கின வண்டி. அதில் செல்ஃப் வைக்க, என்ஜினிலிருந்து கிளட்சுக்குச் செயின் போகிற பிரைமரி பக்கத்தையே மாற்ற வேண்டும். வெளிச்சத்துக்காக 6 வோல்ட்டை 12 ஆக்கினேன், அது போதும். கிக்கருக்கு உன் உடம்பு போதாது என்று நினைக்காதே. 346 சிசியும் ஒரே பிஸ்டன்தான், அதோடு மல்லுக்கட்டினால் யார் காலையும் திருப்பி அடிக்கும். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அமுக்கு. ஹெட்லைட் மேலே கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர் முள் ஆடுவதைப் பார். ஓரிடத்தில் கிக்கர் கல் மாதிரி நின்றுவிடும். அங்கே டீகம்ப்ரஷர் லீவரைப் பிடித்தால் சிலிண்டரிலிருந்து 'உஸ்' என்று காற்று இறங்கும். கிக்கரை ஒரு விரல்கடை மட்டும் இறக்கு, முள் நடுவுக்கு வந்துவிடும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் அடிவரைக்கும் ஒரே உதை. ஐயா எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு வயசு பதினாறு. அந்த முள்ளுக்காகத்தான் தீப்பொறிக்கான பழைய பாயிண்டையும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். நடுவழியில் நின்றாலும் உப்புத்தாளில் ரெண்டு தேய் தேய்த்து வீடு வந்து சேரலாம்.

கியரை இடதுபக்கம் மாற்றிவிட்டேன். இதில்தான் ரொம்ப நாள் மனசு வரவில்லை. வலதுபக்க லீவரின் ரப்பரில், அடிப்பக்கம், ஐயாவின் பெருவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருக்கிறது. முதல் கியருக்கு மேலே தூக்கித் தூக்கி விழுந்த பள்ளம். ஆனால் நீ பழகினது இடதில் கியர், வலதில் பிரேக். குறுக்கே ஒரு மாடு வந்தால் கால் பழக்கத்துக்குத்தான் போகும், நீ பிரேக் என்று கியரை மிதிப்பாய். அதை நினைத்து ஒரு ராத்திரி தூக்கமில்லை. மறுநாளே, கியரை இடதுபக்கம் கொண்டுவரும் குறுக்கு ஷாஃப்ட் செட்டுக்குச் சொல்லிவிட்டேன். கியர் கொஞ்சம் தளர்வாகத்தான் விழும், அழுத்திப் போடு. ஐயாவின் ரப்பரைக் கழற்றிப் புது லீவரில் மாட்டியிருக்கிறேன். முன் பிரேக்குக்கு, பின்னாளில் வந்த புல்லட்டின் 7 அங்குல டிரம்மை ஃபோர்க்கோடு சேர்த்துப் போட்டேன்.

பின்பக்கத்தை வெட்டி ஒற்றை சீட் போடச் சொன்னாயே, அது மட்டும் வேண்டாம். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இருக்கிறது, 2019இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதைவிட, நான் மாற்றினது எதையும் நாளைக்கே திருப்பி மாட்டலாம், பழைய சாமான் அத்தனையும் பெட்டியில் இருக்கிறது. வெட்டின சேஸை எங்கே போய்த் தேடுவது? போன மாதம் நம் தெருவில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். பர்மாத் தேக்கு நிலையும் தூணும் லாரியில் ஏறிக் பழஞ்சாமான் விற்கிற காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போயின. பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் உள்ளே வந்துவிட்டேன். அதே வாரம் ஒருத்தர் வந்து டேங்க் தனியாக, ஹெட்லைட் தனியாக விலை கேட்டார். காபி கொடுத்து அனுப்பினேன்.

புது பிஸ்டன் 500 கிலோமீட்டர் பழக வேண்டும், 50க்கு மேல் போகக் கூடாது. 120 நான் ஓட்டிவிட்டேன். மீதி உனக்கு. எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, டியூப் எல்லாம் புதுசாகப் போட்டாயிற்று.

பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க வருவாய் அல்லவா, ரெண்டு நாள் கூடுதலாக லீவு போட்டுக்கொள். செருப்போடு உதைக்க விடமாட்டேன், ஷூ எடுத்து வா.

அன்புடன்
அப்பச்சி