வீரரை விமானத்தில் ஏற்றுவதற்கு முன் இதைக் கேளுங்கள்

கால்பந்துக் கழக நிர்வாகிகளுக்கும் வீரர்களின் ஏஜெண்டுகளுக்கும் வணக்கம்.

2019 ஜனவரி 21 இரவு அர்ஜென்டினா கால்பந்து வீரர் எமிலியானோ சாலாவுக்கு நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 28 வயது. வேல்ஸின் கார்டிஃப் சிட்டி கழகம் அவரை ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு வாங்கியிருந்தது. பழைய அணித் தோழர்களிடம் விடைபெறப் பிரான்சின் நாந்த் நகருக்குப் போனவர், மறுநாள் பயிற்சிக்காகத் திரும்பும் வழியில், கர்ன்சி தீவுக்கு வடக்கே ஆங்கிலக் கால்வாயில் விமானம் விழுந்து இறந்தார். பைலட்டின் உடல் கிடைக்கவே இல்லை.

விசாரணை அறிக்கையில் என்னை வதைக்கும் விவரம் ஒன்று உண்டு. முதலில் காலை 9 மணிக்குத்தான் கிளம்புவதாக இருந்தது. பயணி கேட்டதால் மாலைக்கு மாறியது. ஜனவரி மாதம், கும்மிருட்டு, வழியில் மழை மேகங்கள். விமானமோ ஒற்றை எஞ்சின் பைப்பர் மாலிபு. ஓட்டியவரிடம் இருந்த லைசென்ஸில் காசு வாங்கிக்கொண்டு பயணிகளை ஏற்றக் கூடாது. இரவில் பறக்கும் தகுதியும் அவருக்கு இல்லை. எஞ்சின் புகைக்குழாயிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் அவரைப் பாதித்திருக்கலாம் என்கிறது அறிக்கை. மேகத்தைத் தவிர்க்கக் கீழே இறங்கினார், திரும்பினார், விமானம் கைமீறிப் போய்விட்டது.

இருட்டில், கடலுக்கு மேலே, தொடுவானம் கண்ணுக்குத் தெரியாது. மேகமும் சூழ்ந்துகொண்டால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஏமாந்துபோகும். விமானம் சாய்ந்து சுழன்று இறங்கினாலும் நேராகப் போவதாகவே உடம்பு நம்பும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தனிப் பயிற்சி வேண்டும். அது இல்லாத 20 பைலட்டுகளை 1954-ல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வில் அப்படி ஓட்டச் சொன்னார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 விநாடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை! 1999-ல் முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய விமானம் அட்லாண்டிக்கில் விழுந்ததும் இதே திசைமயக்கத்தால்தான். அன்றும் இரவு, அன்றும் கடல்மேல் மூட்டம்.

சாலாவின் பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021-ல் 18 மாதச் சிறை கிடைத்தது. சரி, ஆனால் அத்தோடு முடிந்ததாக நான் நினைக்கவில்லை. முறையான சார்ட்டர் (வாடகை விமான) நிறுவனம் என்றால், “இன்று வேண்டாம்” என்று சொல்லும் பைலட்டுக்குப் பக்கபலமாக ஓர் அலுவலகம் இருக்கும். தெரிந்தவர் மூலம் பிடித்த பைலட்டுக்கு யார் இருக்கிறார்கள்? எதிரே காத்திருக்கும் பயணியும், போனில் அவசரப்படுத்தும் உங்களைப் போன்றவர்களும்தான்.

ஒப்பந்தத்துக்கு முன் வீரரின் முழங்கால், இதயம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பார்க்கிறீர்கள். அவரை ஏற்றிச் செல்பவரின் லைசென்ஸையும் வாங்கிப் பாருங்கள். கட்டணம் வாங்கிப் பறக்க அனுமதி உண்டா, இரவுத் தகுதி உண்டா, கருவிப் பயிற்சி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பயணிகள் விமானத்தில் டிக்கெட் போடுங்கள். வானிலை மோசமானால் அங்கேயே ஹோட்டலில் அறை எடுத்துக் கொடுங்கள். பயிற்சிக்கு ஒரு நாள் தாமதமாக வந்தால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள் என்பதை, கையெழுத்துப் போடும் அன்றே வீரரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு கால்பந்து ரசிகன்